வயதான பெற்றோருக்கு நீதிமன்றம் மூலம் பாதுகாவலர்: எப்போது, எப்படி? கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வயதான தாய் தகப்பனுடன் இருக்கிறீர்கள். சகோதரங்கள் ரொறன்ரோவில், இலண்டனில். அப்பா காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார். அல்லது அம்மா வங்கிப் புத்தகத்தை அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டு, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைச் சந்தேகிக்கிறார். இதற்குள் ஒரு நிலையான வைப்பு முதிர்ந்துவிடுகிறது. வங்கி அவருடைய கையொப்பத்தைக் கேட்கிறது. அவர் போடும் கையொப்பமோ பழைய கையொப்பத்துடன் பொருந்தவில்லை. “நீதிமன்றக் கட்டளை கொண்டுவாருங்கள்” என்கிறார் முகாமையாளர். அங்கே தொடங்குகிறது அலைச்சல்.

என் அப்பாவுக்காக நான் அலைந்தபோது, இதைத் தமிழில் ஒழுங்காக எழுதிவைத்த ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு பதில். நான் சட்டத்தரணி அல்ல. உங்கள் வழக்கின் நுணுக்கங்களைச் சட்டத்தரணியிடமே கேளுங்கள். ஆனால் அவரிடம் போகும் முன் எதைத் தீர்மானித்திருக்க வேண்டும், கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. இந்த விடயத்தில் காலம் இரண்டு பாதியாக இருக்கிறது: பெற்றோர் விளங்கிக் கையொப்பமிடக்கூடிய காலம், அது முடிந்த பின்வரும் காலம். முதல் பாதியில் இருப்பவருக்கு நீதிமன்றம் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டாவது பாதிக்கு வந்துவிட்டவருக்கு வேறு வழி பெரும்பாலும் இல்லை. நீங்கள் எந்தப் பாதியில் நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

1. எந்தக் காரியத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று எழுதுங்கள்

“அப்பாவைப் பொறுப்பெடுக்க வேண்டும்” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு சட்டத்தரணியிடம் போகாதீர்கள். ஒரு தாளை எடுத்து, அவருடைய கையொப்பம் இல்லாமல் இன்று நின்றுபோயிருக்கும் காரியங்களையும், வரும் ஓராண்டில் நிற்கப்போகும் காரியங்களையும் எழுதுங்கள்.

பல வீடுகளில் அந்தத் தாள் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருக்கும். மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் யார் கட்டினாலும் கட்டுப்படும். சத்திரசிகிச்சைக்கு இங்குள்ள வைத்தியசாலைகள் நடைமுறையில் மனைவி, பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவினரின் கையொப்பத்தை ஏற்றுக்கொள்கின்றன. அதற்காக யாரும் நீதிமன்றம் போவதில்லை. அரச ஓய்வூதியம் தொடர வேண்டுமானால் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். உங்கள் கிராம உத்தியோகத்தருடனும் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுடனும் பேசி, நடமாட முடியாதவருக்கு என்ன ஒழுங்கு என்று கேளுங்கள். கொழும்பில் பலர் தங்கள் கிராம உத்தியோகத்தரின் முகத்தையே பார்த்ததில்லை. இப்போதே போய்ப் பாருங்கள், பின்னால் அவருடைய கடிதம் பல இடங்களில் தேவைப்படும்.

தாளில் மிஞ்சுபவைதான் கனமானவை: அவர் பெயரில் மட்டும் உள்ள வைப்புப் பணம், அவர் பெயரில் உள்ள வீட்டையோ தொடர்மாடி வீட்டையோ விற்பது, ஈடு வைப்பது, நீண்ட காலத்துக்குக் குத்தகைக்குக் கொடுப்பது, அவர் சம்பந்தப்பட்ட வழக்கு, அவரிடமிருந்து யாராவது எழுதி வாங்கிவிடுவார்களோ என்ற பயம். இவற்றில் ஒன்றுமே இல்லையென்றால் வழக்குக்கு அவசரமில்லை. பராமரிப்பில் கவனம் செலுத்துங்கள்.

2. மறதியா, நோயா, வேறு ஏதாவதா? வைத்தியரிடம் முதலில் போங்கள்

வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால் குடும்பம் உடனே மறதிநோய் என்று முடிவு கட்டிவிடுகிறது. சிறுநீர்த் தொற்று, தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, உறக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை, விழுந்ததால் தலைக்குள் மெதுவாகச் சேர்ந்த இரத்தம் ஆகிய ஒவ்வொன்றும் அதே குழப்பத்தைத் தரும். இவற்றுள் பலவற்றைச் சிகிச்சையால் திருப்ப முடியும். வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, இரவு பகல் தெரியாமல் புலம்பும் ஒருவர் வீட்டுக்கு வந்து சில வாரங்களில் தெளிந்துவிடக்கூடும். ஆகவே வைத்தியசாலைக் கட்டிலில் அவர் இருந்த நிலையை வைத்து எந்தச் சட்ட முடிவும் எடுக்காதீர்கள்.

கொழும்பில் தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவக் கிளினிக்குகள் உள்ளன. முல்லேரியாவில் தேசிய மனநல நிறுவகம் இருக்கிறது. அதை இன்றும் “அங்கொடை” என்று தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள்; அந்தக் கூச்சத்தினாலேயே நல்ல நிபுணர்களிடம் போகாமல் விடுபவர்கள் உண்டு. அதன் தொலைபேசி உதவிச் சேவை 1926. மருதானையில் கெட்டவலமுல்ல ஒழுங்கையில் இருக்கும் லங்கா அல்சைமர் மன்றத்தில் பராமரிப்பாளருக்கும் ஆலோசனை கிடைக்கும்.

நிபுணரிடம் போகும்போது சிகிச்சை மட்டும் கேட்காமல், இந்த மூன்றையும் நேரடியாகக் கேளுங்கள்:

- தன் பணம், சொத்து பற்றிய ஒரு முடிவை இவர் இன்று விளங்கி எடுக்க முடியுமா?
- இது மாறக்கூடிய நிலையா, படிப்படியாக மோசமாகும் நிலையா?
- நீதிமன்றத்துக்குத் தேவைப்பட்டால் நீங்கள் அறிக்கை தந்து சாட்சியும் சொல்வீர்களா?

மூன்றாவது கேள்வி முக்கியம். சிகிச்சை தர மனமுள்ள எல்லா நிபுணர்களும் புதுக்கடை நீதிமன்றப் படியேற மனமுள்ளவர்கள் அல்லர். இது தெரியாமல் ஓராண்டு ஒருவரிடம் காட்டிவிட்டு, கடைசியில் வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்குவது வீண் செலவு.

இன்னொரு விடயம். நினைவுச் சோதனையில் 30க்கு எத்தனை என்று வரும் புள்ளி மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. பள்ளிக்கூடம் அதிகம் போகாத அம்மாவுக்கு இயல்பாகவே புள்ளி குறையலாம். ஓய்வுபெற்ற கணக்காளரான அப்பா நோய் இருந்தும் நல்ல புள்ளி எடுத்துவிடலாம். சோதனை எந்த மொழியில் நடந்தது என்பதையும் கவனியுங்கள். தமிழில் மட்டும் வாழ்ந்தவரைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சோதித்து எழுதிய அறிக்கையை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் கிழித்துப் போட்டுவிடும்.

3. இன்னும் கையொப்பமிட முடியுமென்றால் இவற்றைச் செய்து முடியுங்கள்

ஆரம்ப நிலையில் இருப்பவருக்குத் தெளிவான நாட்களும் தெளிவில்லாத நாட்களும் இருக்கும். “இன்று அவருக்கு விளங்குகிறது” என்று ஒரு நிபுணர் கடிதம் கொடுத்தால், அதே வாரத்தில் காரியத்தை முடித்துவிட வேண்டும்.

வங்கி: அவருடைய தனிக் கணக்கை, இருவரில் ஒருவர் கையொப்பமிட்டால் போதும் என்ற அறிவுறுத்தலுடன் கூட்டுக் கணக்காக மாற்றலாம். உடம்பால் இயலாமல், மனம் தெளிவாக இருப்பவரிடம் வீட்டுக்கே வந்து பெருவிரல் அடையாளம் எடுக்கும் வங்கிகள் உண்டு. வைத்தியரின் கடிதம் கேட்பார்கள். ஆனால் கூட்டுக் கணக்கு இருந்தால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஒருவர் மன ஆற்றலை இழந்துவிட்டார் என்று எழுத்தில் தெரியவந்தால் வங்கி கணக்கை நிறுத்திவைக்கக்கூடும். பிள்ளைகளில் ஒருவர் மட்டும் கூட்டுக் கணக்கில் சேர்வதாக இருந்தால் மற்றவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நான் பார்த்த குடும்பச் சண்டைகளில் பாதி இங்கிருந்து தொடங்கியவை.

அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம், ஆங்கிலத்தில் power of attorney): இதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை, மிக அதிகமாகத் தவறாக விளங்கிக்கொள்ளப்படும் யோசனையும் இதுதான். வீடு, காணி சம்பந்தப்பட்டதென்றால் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதிப் பதிவு செய்யுங்கள். 2022இல் இது தொடர்பான சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் அது இன்றும் செல்லுமா என்று நொத்தாரிசிடம் காட்டிக் கேட்க வேண்டும். இதைவிட முக்கியமானது வேறொன்று: எழுதிக் கொடுத்தவர் மன ஆற்றலை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். இங்கிலாந்தில் இருக்கும் அண்ணன், “அங்கே எழுதிவைத்தால் பிறகும் செல்லும்” என்று சொல்வார். அவர் சொல்வது அவர் இருக்கும் நாட்டுச் சட்டம். அப்படி நீடித்து நிற்கும் அற்றோணித் தத்துவம் இலங்கையில் இல்லை. எனவே இது இடைக்காலத்துக்கான வழி மட்டுமே. விற்க வேண்டிய சொத்தை அவர் தெளிவாக இருக்கும்போதே விற்று முடிக்க அது உதவும். பத்து ஆண்டுப் பராமரிப்புக்கு உதவாது.

மரண சாசனம்: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். மறதி தொடங்கிய பின் எழுதுவதென்றால் நொத்தாரிசையே நாடுங்கள். அன்றைய திகதியிட்ட வைத்தியக் கடிதத்தையும் கூடவே வைத்திருங்கள்.

வீட்டை ஒரு பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுதி, பெற்றோருக்குச் சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே அதிகம். நான் இதை விரும்புவதில்லை. பிள்ளை கைவிட்டால் என்ன செய்வது? மிக மோசமான நன்றிகெட்ட நடத்தைக்காக இத்தகைய உறுதியை நீக்கக் கேட்கும் வழியை 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தருகிறது. ஆனால் அதற்குப் பெற்றோர்தான் வழக்குத் தொடர வேண்டும். நினைவு தப்பிய ஒருவர் எந்தப் படியேறுவார்?

4. எப்போது நீதிமன்றம்?

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது. பின்வருவனவற்றில் ஒன்று உண்மையாகி, அத்துடன் நிபுணரும் “இது திரும்பாது” என்று சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

முதலாவது, பராமரிப்புக்கான பணம் அவருடைய பெயரில் பூட்டிக்கிடக்கிறது. உங்கள் சம்பளத்தில் தாதியையும் மருந்தையும் இழுத்துப்பறித்துச் சமாளிக்கிறீர்கள்.

இரண்டாவது, அவருடைய சொத்து அழிகிறது. வாடகைக்கு இருப்பவர் பணம் தருவதில்லை, வழக்குப் போட ஆளில்லை, வீடு ஒழுகுகிறது.

மூன்றாவது, யாரோ ஒருவர் அவரைக் கொண்டு எழுதி வாங்குகிறார், அல்லது வாங்கப் பார்க்கிறார். அது தூரத்து உறவாக இருக்கலாம், திடீரென்று அன்பு காட்டும் அயலவராக இருக்கலாம், சொல்லக் கசந்தாலும் உடன்பிறப்பாகவும் இருக்கலாம். இந்த நிலையில் வழக்குக்குத் தயாராகும்போதே காணிப் பதிவகத்தில் கேவியட் (அந்தச் சொத்துக்கு உறுதி ஏதும் பதிய வந்தால் உங்களுக்கு அறிவிக்கச் சொல்லும் முன்னெச்சரிக்கை) பதிவது பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

நான்காவது வட மாகாணத்தைச் சேர்ந்த குடும்பங்களுக்கானது, கொழும்புச் சட்டத்தரணிகள் சிலர் இதைக் கவனிப்பதில்லை. தேசவழமைக்கு (வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டத்துக்கு) உட்பட்ட திருமணமான பெண் தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூல சம்மதம் வேண்டும். அம்மா நல்ல தெளிவுடன் இருக்கிறார். கோண்டாவிலில் இருக்கும் சீதனக் காணியை விற்று அப்பாவைப் பராமரிக்க நினைக்கிறார். ஆனால் சம்மதம் தர வேண்டிய அப்பாவுக்கு எதுவும் விளங்காது. இதற்கு முழுப் பாதுகாவலர் வழக்குத் தேவையில்லாமல் போகலாம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ், கணவனின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறும் வழி உண்டு. கணவன் மனநிலை இழந்திருப்பது அதற்கான காரணங்களில் ஒன்று. உங்கள் சட்டத்தரணிக்கு இது பழக்கமில்லையென்றால் யாழ்ப்பாணத்தில் தொழில் செய்யும் ஒருவரிடம் ஒரு தடவை ஆலோசனை கேளுங்கள்.

எதற்கு நீதிமன்றம் வேண்டாம் என்பதையும் சொல்கிறேன். அப்பாவுக்கு எல்லாம் விளங்குகிறது, ஆனால் உங்களுக்குப் பிடிக்காத விதத்தில் பணம் செலவழிக்கிறார். கோயிலுக்கு அள்ளிக் கொடுக்கிறார். மருமகனைவிடச் சாரதியை நம்புகிறார். இவை உங்களுக்கு எரிச்சல் தரலாம், சட்டத்துக்குக் காரணமாகாது. பிடிவாதம் நோயல்ல. அதுபோல, வசதியுள்ள தம்பி ஒரு சதமும் தருவதில்லை என்பதற்கும் பாதுகாவலர் வழக்கு மருந்தல்ல. 60 வயதைக் கடந்த பெற்றோரின் பராமரிப்புக்காகப் பிள்ளைகளிடம் பணம் கேட்க, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபை இருக்கிறது. பத்தரமுல்லை செத்சிறிபாயவில் உள்ள முதியோருக்கான தேசிய செயலகத்தில் விசாரியுங்கள். பிரதேச செயலகத்தின் முதியோர் உரிமை உத்தியோகத்தரிடமும் கேட்கலாம்.

5. உடன்பிறப்புகளின் எழுத்தை முதலில் வாங்குங்கள்

இந்த வழக்கை நீட்டுவது சட்டமல்ல, குடும்பம். மனுவில் நெருங்கிய உறவினர்கள் எல்லோருடைய பெயரும் வரும். அவர்களில் ஒருவர் எதிர்த்தால் போதும், மாதங்கள் ஆண்டுகளாகிவிடும்.

எல்லோரையும் ஒரு வட்சப் அழைப்பில் கூட்டி மூன்று விடயங்களைத் தீர்மானியுங்கள். யார் பாதுகாவலர்? யார் பணத்தைப் பார்ப்பார்? கணக்கு எப்படி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மற்றவர்களுக்குக் காட்டப்படும்? உடலைப் பராமரிப்பவரும் பணத்தைப் பராமரிப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அக்கா அப்பாவைப் பார்க்க, நான் கணக்கைப் பார்க்கிறேன். ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் வராமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

வாய்ச்சொல் போதாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் சம்மதத்தைச் சத்தியக்கடதாசியாகத் தர வேண்டும். அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ கையொப்பமிட்டு வாங்கி அனுப்புவது நேர்வழி. அந்நாட்டு நொத்தாரிசு முன் கையொப்பமிட்டால் அத்தாட்சிப்படுத்தும் படிகள் கூடும். பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள கொன்சியூலர் அலுவல்கள் பிரிவு வரை அது உங்களை இழுக்கலாம். எந்த வடிவம் வேண்டும் என்று சட்டத்தரணியிடம் வரைவை வாங்கிய பிறகே அண்ணனை விடுமுறை போடச் சொல்லுங்கள். தூதரகத்தில் முற்பதிவு கிடைக்கவே காத்திருக்க வேண்டிவரும். ஆகவே வழக்கின் முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள்.

6. கோப்பு

ஒரு தடித்த கோப்பு வாங்கி, மூலப் பிரதிகளை வீட்டில் பூட்டிவைத்து, நிழற்பிரதிகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று சட்டத்தரணிக்கு, ஒன்று கடைசி நேரத்தில் யாரோ கேட்பதற்கு.

- பெற்றோரின் தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ்
- உங்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் (உறவை நிரூபிக்க)
- மற்றப் பிள்ளைகளின் பெயர், முகவரி, சம்மதக் கடதாசிகள்
- கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ்
- நிபுணரின் அறிக்கை, கிளினிக் புத்தகம், ஸ்கேன் அறிக்கை, மருந்துச் சீட்டுகள்
- உறுதிகள், காணிப் பதிவகத்தின் பதிவுப் பிரதி, வரிப்பண ரசீது
- வங்கிப் புத்தகங்கள், வைப்புச் சான்றிதழ்கள், ஓய்வூதிய விவரம், காப்புறுதி
- கடந்த ஆண்டில் பராமரிப்புக்கு ஆன செலவின் மாதவாரிக் கணக்கு, பற்றுச்சீட்டுகளுடன்

கடைசியாகச் சொன்னதைப் பலர் தயாரிப்பதில்லை. இத்தனை ரூபாய் மாதாமாதம் தேவை என்று நீதிமன்றத்துக்குக் காட்டினால்தான் அத்தனை எடுக்க அனுமதி கேட்க முடியும்.

பெயர்களின் எழுத்துகளைச் சரிபாருங்கள். நம்மவர் ஆவணங்களில் இதுதான் தீராத தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், உறுதியில் முதலெழுத்து மட்டும், வங்கியில் வேறு எழுத்துக்கூட்டல். எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசியை முன்கூட்டியே போட்டுவிட்டால் பல வழக்குத் தவணைகள் மிச்சம்.

தமிழில் உள்ள பத்திரங்களைக் கொழும்பு நீதிமன்றத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மூலம் மொழிபெயர்க்க வேண்டிவரும். யாழ்ப்பாணத்தில் எழுதிய பழைய உறுதி என்றால் அதன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். பக்கக் கணக்கில் கட்டணம்; அவசரமென்றால் கூடும்.

7. எந்த நீதிமன்றம், என்ன நடக்கும்

குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 39ஆம் அத்தியாயம் இதற்கானது. பிரிவு 556இலிருந்து படியுங்கள். உறவினரோ நண்பரோ மனுச் செய்யலாம். பெற்றோர் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். சொத்து சாவகச்சேரியில் இருந்தாலும், அப்பா கொழும்பில் உங்களுடன் வசித்தால் வழக்கும் கொழும்பில்தான். மத்திய கொழும்பில் இருப்பவர்களுக்குப் புதுக்கடை, தெஹிவளையில் இருப்பவர்களுக்குக் கல்கிசை. எல்லையில் இருப்பவர்கள் முகவரியைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: அவர் மனநிலை இழந்தவரா, அதனால் தன் காரியங்களைத் தானே பார்க்க இயலாதவரா. இரண்டும் நிரூபிக்கப்பட்ட பிறகே அவருடைய சொத்துக்கு ஒரு மேலாளரையும் அவருக்கு ஒரு பாதுகாவலரையும் நியமிப்பது பற்றிய பேச்சு வரும். ஆகவே மனுவில் இரண்டையும் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாதுகாவலர் நியமனத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனால் பணம் வராது.

மனுவும் சத்தியக்கடதாசியும் தாக்கலானதும் பெற்றோருக்கும் உறவினருக்கும் அறிவித்தல் போகும். அப்பாவின் பெயருக்கு நீதிமன்றக் கடிதம் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். அதைப் பிரித்துப் படித்துவிட்டுத் தன்மேல் வழக்கு என்று அவர் பதறக்கூடும். நீதிபதி அவரை நேரில் பார்க்க விரும்பலாம். வர முடியாத நிலை என்றால் வைத்தியர் அதைத் தனியாக எழுதித் தர வேண்டும். வரக்கூடியவர் என்றால் காலையில் சாப்பாடு, மருந்து, மாற்றுடை, தண்ணீர் எல்லாவற்றுடனும் போங்கள். புதுக்கடையில் காத்திருப்பு அரைநாளை விழுங்கும். வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது. முச்சக்கர வண்டியே உத்தமம்.

விசாரணை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். மொழி விளங்காதவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை. கேட்கக் கூச்சப்படாதீர்கள். அரைகுறையாக விளங்கிக்கொண்டு “ஓம்” என்று தலையாட்டுவதைவிட அடுத்த தவணைக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது நல்லது.

எவ்வளவு காலம் எடுக்கும்? எதிர்ப்பில்லாமல், அறிக்கை தெளிவாக, கடதாசிகள் முழுமையாக இருந்தால் சில மாதங்களை எதிர்பாருங்கள். எதிர்ப்பு இருந்தால் காலம் சொல்ல முடியாது. நீதிமன்ற விடுமுறை, வைத்தியர் வராத நாள், அறிவித்தல் சேராமல் திரும்பிய நாள் எல்லாம் ஒவ்வொரு தவணையைத் தின்னும். இடையில் மருந்துக்குப் பணம் தேவைப்பட்டால், இடைக்காலக் கட்டளை கேட்க முடியுமா என்று முதல் நாளே சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

8. செலவு

பெரிய செலவு சட்டத்தரணியின் கட்டணம். மற்றவை முத்திரை, மொழிபெயர்ப்பு, வைத்திய அறிக்கை, பிரதிகள், போக்குவரத்து. கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் தொகையைவிட முறையைக் கேளுங்கள்: முழு வழக்குக்கும் ஒரே தொகையா, தவணைக்குத் தவணையா? தவணை முறை என்றால் எதிர்ப்பு வரும் வழக்கில் செலவுக்கு உச்சவரம்பே இராது. சாட்சி சொல்ல வரும் நிபுணருக்குத் தனிக் கட்டணமா? மூத்த சட்டத்தரணி ஒருவரை இடையில் சேர்த்தால் அதை யார் கொடுப்பது? இவற்றை எழுத்தில் வாங்குங்கள், ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டும் வாங்குங்கள். பிறகு பெற்றோரின் பணத்திலிருந்து ஈடுசெய்ய நீதிமன்றத்திடம் கேட்பதென்றால் சீட்டு இல்லாமல் முடியாது.

வசதி குறைந்தவர்கள் புதுக்கடையிலேயே உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமான விவரத்துடன் விண்ணப்பிக்கலாம். வைத்திய அறிக்கைக்கு அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளை நாடினால் சனல் கட்டணம் மிச்சம், காத்திருப்பு அதிகம். என் அபிப்பிராயத்தில், மாதக்கணக்கில் ஒரே கிளினிக்கில் பார்த்துவந்த அரச நிபுணரின் அறிக்கைக்கு, ஒரு மாலையில் பணம் கட்டி வாங்கிய அறிக்கையைவிடக் கனம் அதிகம்.

9. விழக்கூடிய குழிகள்

பெற்றோரின் ஏரிஎம் அட்டை உங்களிடம் இருக்கிறது, இரகசிய எண்ணும் தெரியும். எல்லோரும் செய்வதுதான். ஆனால் நாளை ஒரு சகோதரர் வழக்காடினால் அந்த ஒவ்வொரு எடுப்புக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எடுத்த பணத்துக்கும் செலவுக்கும் ஒரு கொப்பியில் கணக்கு வையுங்கள்.

காலாவதியான அற்றோணித் தத்துவத்தை வைத்து வீட்டை விற்றுத் தருவதாகச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் பின்னால் உறுதியை எதிர்த்தால் நீங்கள் குற்றவியல் வழக்கிலும் மாட்டலாம்.

அப்பாவின் கையைப் பிடித்து வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கும் வேலை வேண்டவே வேண்டாம். அன்புக்காகச் செய்தாலும் அது மோசடியாகவே பார்க்கப்படும்.

“இந்த வாரமே முடித்துத் தருகிறேன்” என்று நீதிமன்ற வாசலில் கையைப் பிடிப்பவரிடம் மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

10. நியமனம் கிடைத்த பிறகு

கட்டளையின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதிகளைத் தேவைக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வங்கியும் ஒன்று கேட்கும், ஓய்வூதியப் பிரிவும் கேட்கும். வங்கிக் கிளை தன் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டே பதில் சொல்லும். அதற்கும் சில வாரங்களை ஒதுக்குங்கள்.

மேலாளர் சொந்தக்காரர் அல்ல. நீதிமன்ற அனுமதி இல்லாமல் வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. சொத்துப் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். அப்பாவின் பணத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, உங்கள் பணத்தை ஒருபோதும் அதில் கலக்காதீர்கள். தாதிக்குக் கொடுக்கும் மாதச் சம்பளத்துக்குக் கூடக் கையொப்பம் வாங்குங்கள். மருந்தகத்தின் வெப்பத்தாள் பற்றுச்சீட்டுகள் சில மாதங்களில் வெளிறி வெறுந்தாளாகிவிடும். வாங்கிய அன்றே நிழற்பிரதி எடுங்கள்.

நீங்களே வெளிநாடு போக நேர்ந்தால், அல்லது உங்களுக்கே நோய் வந்தால், பொறுப்பை அக்காவிடமோ தம்பியிடமோ நீங்களாக மாற்றிக் கொடுக்க முடியாது. அதே வழக்கு இலக்கத்தில் மீண்டும் மனுச் செய்து, புதியவரை நியமிக்கும்படி நீதிமன்றத்திடமே கேட்க வேண்டும். விசா விண்ணப்பம் போடும் அன்றே சட்டத்தரணிக்கும் சொல்லிவிடுங்கள்.